விலைபோகக் கூடாத கேக்

மனுஷன் ஒரு பொருளை எதுக்காக வாங்குகிறான்? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்த ஆள் பெங்களூரில் ஒரே ஒருவர்தான் என்று காக்ஸ் டவுன் டிரேவர் நம்பினார். அந்த ஆள் யார் என்று வேறு சொல்லணுமா? அவரேதான்.

மிக்ஸி, ஃபிரிட்ஜ், ஓவன் விற்கிற ஒரு கடையில் அவர் சேல்ஸ் மேனேஜர். கடையில் நிற்கிற பிள்ளைகளுக்கு விற்கக் கற்றுக்கொடுப்பதும் அவர் பாடுதான். “தேவைன்னு எவனும் வாங்கறதில்லே. நல்லாருக்குன்னும் வாங்கறதில்லே. அடுத்தவன் கேக்கறானேன்னு வாங்கறான். விட்டா போயிடுமேன்னு வாங்கறான்.” இதுதான் அவருடைய வேதம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் ஐயர் பிரசங்கம் பண்ணும்போதுகூட, ‘ம்ஹும், இன்னும் கொஞ்சம் நல்லா விக்கலாம்’ என்று உள்ளுக்குள் மார்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஐம்பதை நெருங்கிவிட்டார் பாவம். லேப்டாப்பும் கையுமாகச் சின்னச் சின்னப் பிள்ளைகள் மேனேஜராக வந்து அவரை ‘அங்கிள்’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அதற்குள் மரியாதையாக வெளியே வந்து, வீட்டு முன்ரூமில் சொந்தமாக ஒரு விற்பனைப் பயிற்சி மையம் தொடங்கிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு பெரிய மேஜையை வாங்கி அங்கே போட்டும் வைத்துவிட்டார். மேஜைக்குப் பின்னால் நாற்காலி, நாற்காலியில் அவர். எதிரே யாரும் இல்லை, அவ்வளவுதான் குறை.

அதே முன்ரூமின் மேல் அவர் மனைவி பிரிசில்லாவுக்கும் கண்.

பிரிசில்லா கே.ஜி.எஃப்.பில் பிறந்து வளர்ந்தவள். கேக் செய்தாள் என்றால் தெருக்கோடி வரை வாசனை போகும். கிறிஸ்துமஸ் வந்தால் தெரு முழுக்க அவள் கேக்தான். தின்றவர்கள் எல்லோரும், “கடை போட்டா நீங்க எங்கேயோ போயிடுவீங்க” என்று சொல்லிவிட்டு, தட்டைக் கழுவிக்கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்புவார்கள். எத்தனை வருஷத்துக்குத்தான் ஒரு பொம்பளை பேச்சையே கூலியாக வாங்கிக்கொண்டிருப்பாள்?

“முன்ரூம்ல பெரிய ஓவன் ஒண்ணு போட்டா, ஆர்டர் எடுத்து செய்யலாங்க” என்றாள் ஒருநாள்.

“முன்ரூமா? அங்க என் பயிற்சி மையம் வரப்போவுது.”

“எப்போ?”

“நேரம் பாத்துகினு இருக்கேன்.”

“நேரமும் உங்களைப் பாத்துகினேதான் இருக்குது.”

“பிரிசி, உன் கேக்கு நல்லா இல்லேன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா ஓசியிலே திங்கறவன் நல்லாருக்குன்னுதான் சொல்லுவான். காசு குடுன்னு கேட்டுப் பாரு, அன்னிக்கே அவனுக்கு சுகர் வந்துடும்.”

“வாய்க்கு ருசியா இருந்தா எவனும் வாங்க மாட்டான்றீங்களா?”

“ருசிக்காக ஒருத்தனும் வாங்க மாட்டான். இது மார்க்கெட்டு. உனக்குப் புரியாது.”

இதோடு எழுந்து போயிருந்தால் மனுஷன் பிழைத்திருப்பார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

“பந்தயமே கட்டறேன்” என்றார் டிரேவர். “வர்ற அறுப்பின் பண்டிகை ஏலத்துல உன் கேக்கை வெக்கிறே இல்லே? உன்னையும் தெரியாத, என்னையும் தெரியாத, நம்ம சபையிலேயும் இல்லாத ஒரு ஆளு, கடை விலைக்கு மேல குடுத்து அதை வாங்கட்டும். முன்ரூம் உனக்கு. இல்லேன்னா எனக்கு.”

“சொன்ன வார்த்தை மாற மாட்டீங்களே?”

“நான் யாரு? டிரேவர்!”

“அதனாலதான் கேக்கறேன்” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

காக்ஸ் டவுனில் எவன் உழுகிறான், எவன் அறுக்கிறான்? ஆனாலும் அறுப்பின் பண்டிகை வருஷா வருஷம் தவறாது. சந்தையில் வாங்கிய பூசணிக்காயையும் வாழைத்தாரையும் கொண்டுபோய் ஆண்டவருக்குப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் காம்பவுண்டிலேயே எல்லாம் ஏலத்துக்கு வரும். காசு சபைக்கு. அதனால் ஒரு பூசணிக்காய்க்கு இரண்டு குடும்பம் மல்லுக்கட்டிப் பத்துப் பங்கு விலை கொடுப்பதும் உண்டு. இதெல்லாம் சபை ஆட்களோடு சரி, வெளியாள் எவன் வந்து கேக் கேட்கப்போகிறான் என்று டிரேவர் தைரியமாகத்தான் இருந்தார்.

பண்டிகைக்கு முன்தினம்தான் அவருக்குப் பிரியாணி ஞாபகம் வந்தது. ஏலத்தன்று காம்பவுண்டில் பிரியாணிக் கடையும் போடுவார்கள். பிரியாணி வாசனைக்குச் சபை ஏது, சாதி ஏது? அக்கம்பக்கத்து அபார்ட்மென்ட் எல்லாம் திரண்டு வரும். வந்த கூட்டத்தில் ஏதாவது ஒரு தயாள மனசு கையைத் தூக்கிவிட்டால்? வார்த்தையும் மாறக்கூடாது, ரூமும் போகக்கூடாது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பிரசன்னாவைக் கூப்பிட்டார்.

பிரசன்னா கடையில் வேலை செய்கிறவன். தினமும் கே.ஜி.எஃப்.பிலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடித்து வருவான். நல்ல பிள்ளைதான், ஆனால் விற்பதில் கடைசி. இந்த மாசம் டார்கெட் முடிக்காவிட்டால் சீட்டுக் கிழிந்துவிடும் நிலைமை. ஆகவே டிரேவர் அவனைக் காலையில் வீட்டுக்கே வரவழைத்துத் தனிவகுப்பு எடுத்துவந்தார். அவர் குளித்து, ஷேவ் பண்ணி, சட்டைக்கு இஸ்திரி போட்டு வருகிற வரை அவன் முன்ரூமில் காத்திருப்பான். வகுப்பு முழுக்க ஒரே பாடம்தான்: பயம் இருந்தால்தான் மனுஷன் வேலை செய்வான்.

“நாளைக்கு ஏலத்துல அக்கா செஞ்ச கேக்கு வரும். நீ அதை எடுத்துடணும். காசு நான் தர்றேன்” என்றார்.

“அக்கா கேக்கா? சூப்பரா இருக்கும் சார்.”

“ருசி கிடக்குது விடு. எடுத்த எடுப்பிலேயே பெரிய விலையா சொல்லிடு. மத்தவங்க மிரண்டு ஒதுங்கிடுவாங்க. வெளியாளு யார் கைக்கும் அது போவக்கூடாது.”

“ஏன் சார்?”

“ஏன்னு கேக்கறவனுக்கு டார்கெட் முடியாது. நான் சொன்னதைச் செய். உன் வேலை உன் கையிலே இருக்குது, பாத்துக்கோ.”

பிரசன்னா தலையை ஆட்டினான்.

பண்டிகை நாள் நல்ல வெயில். பாடகர் குழுவில் அடிக்குரலில் பாடுகிற டென்சில்தான் வருஷா வருஷம் ஏலம் போடுகிறவர். கையில் மைக் வந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. பூசணிக்காய் போச்சு, வாழைத்தார் போச்சு. கால் கட்டிய சேவல் ஒன்று ஐந்நூறுக்குப் போச்சு. டிரேவர் வேப்ப மரத்துக்குப் பின்னால் பாதி உடம்பு தெரிய நின்றுகொண்டிருந்தார்.

“அடுத்தது, சிஸ்டர் பிரிசில்லா செஞ்ச பிளம் கேக்! யாரு கேக்கறீங்க?”

“ஆயிரம்!” என்று கத்தினான் பிரசன்னா.

பிரியாணித் தட்டோடு இருந்த தலை எல்லாம் திரும்பியது. உயிரோடு துள்ளுகிற சேவலே ஐந்நூறு என்றால், கடையில் நானூறுக்குக் கிடைக்கிற கேக் ஆயிரமா? அப்படி அதில் என்னதான் இருக்கிறது? மரத்தடியில் நின்றவர்கள் மேஜையிடம் வந்தார்கள். பந்தியில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வந்தார்கள். அய்யோ, ஒருத்தன் கேட்டால் ஊரே கேட்குமே என்று டிரேவருக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த பாடம், தனக்கு வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிட்டது.

“ஆயிரத்து இருநூறு” என்றது ஒரு பெண்குரல். சபையில் பார்த்தே இராத முகம். கையில் பிரியாணித் தட்டு.

“ஆயிரத்து ஐந்நூறு!” பிரசன்னா.

“எரடு சாவிரா! ரெண்டாயிரம்!” அந்த அம்மாள், கன்னடமும் தமிழுமாக.

போச்சுடா, அசல் வெளியாள். டிரேவர் மரத்துக்குப் பின்னாலிருந்து, ஏற்று ஏற்று என்று கையைக் காட்டினார். அவர் காட்டக் காட்ட இவன் ஏற்றினான். இவன் ஏற்ற ஏற்ற அந்த அம்மாளுக்கு வீம்பு. கடைசியில் பிரசன்னா சொன்ன மூவாயிரத்தில் அந்த அம்மாள் மூச்சு வாங்க நிறுத்த, “ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!” என்று டென்சில் மணியை அடித்தார்.

டிரேவர் மரத்தில் சாய்ந்துகொண்டார். மூவாயிரம் போனாலும் முன்ரூம் தங்கியதே, ஸ்தோத்திரம்.

“தம்பி!” டென்சில் மைக்கைப் பிரசன்னாவிடம் நீட்டினார். “கேக்கை வீட்டுக்கு எடுத்துகினு போறீங்களா, திருப்பி ஏலத்துக்கே குடுக்கறீங்களா?”

எடுத்த பொருளைத் திருப்பி ஏலத்துக்கே கொடுப்பது அந்தச் சபையில் பெரிய கௌரவம். அதே பொருள் மறுபடி விற்கும், சபைக்கு இரண்டு மடங்கு காசு. இந்த வழக்கத்தைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவர்தான் டிரேவர். பதட்டத்தில் சுத்தமாக மறந்துபோனார். வேண்டாம், வேண்டாம் என்று மரத்தடியிலிருந்து தலையை அப்படி ஆட்டினார், கழுத்துச் சுளுக்கிக்கொண்டது.

பிரசன்னா அவரைப் பார்த்தான். அப்புறம் பெண்கள் பக்கம் திரும்பிப் பிரிசில்லாவைப் பார்த்தான். அவள் லேசாகத் தலையசைத்தாள்.

“குடுக்கறேன் சார்” என்றான் மைக்கில்.

கைத்தட்டல் கேட்கவேண்டுமா? கேக் மறுபடி மேஜைக்கு வந்தது. கொடுத்தவனே திரும்பக் கேட்பது மரியாதை இல்லை, ஆகவே பிரசன்னா கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்த அம்மாள் தயாராக இருந்தாள். “சாவிரா! ஆயிரம்!”

இனி வெட்கம் பார்த்தால் ஆகாது. டிரேவர் மரத்தை விட்டு வெளியே வந்து கையைத் தூக்கினார். “ஆயிரத்து நூறு!”

டென்சில் மைக்கோடு அவர் பக்கம் திரும்பினார். “ஏண்ணே, வீட்டுல கேட்டா தர மாட்டேன்றாங்களா?”

காம்பவுண்டு முழுக்கச் சிரிப்பு. ஐயர்கூட அங்கியைச் சரிசெய்கிற மாதிரி முகத்தை மூடிக்கொண்டார். டிரேவரின் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. “அண்ணன் தமாஷ் பண்றாரு, அதைக் கணக்குல எடுத்துக்கலே” என்று டென்சில் மணியை அடிக்க, கேக் அந்த அம்மாள் கைக்குப் போயே போய்விட்டது.

கோயிலுக்குப் பின்னால் பிரசன்னாவைப் பிடித்தார் டிரேவர்.

“டேய், உனக்கு நான் மேனேஜரா, அவ மேனேஜரா?”

“நீங்கதான் சார்.”

“அப்புறம் ஏண்டா அவளைப் பாத்தே? எல்லாத்தையும் அவகிட்ட உளறிட்டியா?”

“நேத்தே சொல்லிட்டேன் சார். அக்காகிட்ட என்னால மறைக்க முடியலே.” பிரசன்னா தலையைக் குனிந்துகொண்டான். “தினமும் நீங்க குளிச்சிட்டு வர்றதுக்குள்ள அக்கா டிபன் போட்டுடுவாங்க. ரயில்ல வர்றேன், வெறும் வயித்தோடதான் வருவேன்னு அவங்களுக்குத் தெரியும் சார், எங்க ஊருதானே. நீங்க டார்கெட் என்னாச்சின்னு கேப்பீங்க. அவங்க சாப்டியான்னு கேப்பாங்க.”

சம்பளம், கமிஷன், பயம், பரிசு என்று ஒருவனை வேலை செய்யவைக்கிற விஷயங்களைப் பற்றி டிரேவர் மணிக்கணக்கில் பேசுவார். இரண்டு தோசையைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. இவன் பசியோடு வருவான் என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை என்று நினைத்தபோது, அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

ஆனாலும் தொழில்புத்தி விடுமா? வாசலில் கேக் டப்பாவோடு ஆட்டோவுக்கு நின்ற அந்த அம்மாளிடம் போனார். வீணா என்று பெயர் சொன்னாள். பக்கத்துத் தெரு அபார்ட்மென்டுக்குப் புதுசாகக் குடிவந்தவளாம்.

“மேடம், ஒண்ணு கேக்கறேன். இந்தக் கேக்கை ஏன் வாங்கினீங்க? ருசி தெரியுமா உங்களுக்கு?”

“இல்லாரீ, எங்க வீட்டுல கேக்கே சாப்பிட மாட்டோம்” என்றாள் வீணா. “நான் பிரியாணிக்கு வந்தேன். அந்தப் பையன் அவ்ளோ அடம்பிடிச்சிக் கேட்டான் நோடி, ஏதோ பெரிய ஐட்டம் போலேன்னு விடக்கூடாதுன்னு வாங்கிட்டேன்.”

டிரேவருக்கு ஒரு நிமிஷம் எல்லாத் துக்கமும் பறந்துபோனது. வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“பிரிசி! அந்தம்மா ருசிக்காக வாங்கலே! அடுத்தவன் கேட்டானேன்னு வாங்கினா! நான் சொன்னது சரியா, தப்பா?”

“சரிதாங்க. நீங்க சொன்னா தப்பாவுமா?” முன்ரூம் மேஜையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் பிரிசில்லா. “அந்தப் பக்கம் தூக்குங்க.”

தூக்கினார். வார்த்தை வார்த்தைதானே. மேஜை படுக்கையறைக் கதவில் இடித்துக்கொண்டு நின்றபோது, வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. அவர் கடை வண்டி. பெரிய ஓவன் ஒன்று இறங்கியது. கூடவே பிரசன்னா இறங்கினான், முகமெல்லாம் சிரிப்பு.

“இந்த மாச டார்கெட் முடிஞ்சிது சார்!”

டிரேவர் மேஜையை அப்படியே விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். “ஏலமே இன்னிக்குத்தானே ஆச்சி? இதை எப்போ ஆர்டர் பண்ணே?”

“நீங்க பந்தயம் கட்டின மறுநாளே” என்றாள் பிரிசில்லா. “எப்படியும் தடுக்கறதுக்கு நீங்களே ஏலம் கேக்க வருவீங்கன்னு தெரியும். நீங்க சொல்ற மாதிரி, ஒருத்தர் கேட்டா அடுத்தவனும் கேப்பான், அப்புறம் விக்காம எங்கே போவுது?”