மச்சான் காருக்கு எண்ணெய் மாற்றிய கதை

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவனுக்கு எதையும் கழற்றி மாட்டத் தெரியும் என்று உலகம் நம்புகிறது. கழற்ற மட்டும்தான் தெரியும் என்பது எனக்கும் என் வாத்தியார்களுக்கும் தெரியும். சுமதியின் அண்ணனுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. நான் சுமதியைப் பெண் பார்த்துவிட்டு வந்து பதிலுக்காகக் காத்திருந்தேன். அப்பா இல்லாத வீடு. அண்ணன் சரி என்றால்தான் கல்யாணம். அந்த அண்ணனுக்கு உயிர், தங்கையும் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த ரிமோட் காரும். (அதைப் பொம்மை என்று சொல்லக்கூடாது. நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.)

"நாலு ஷாக் அப்சார்பர்லயும் ஆயில் மாத்தணும். நாளைக்குக் காலைல ரேஸ், எனக்கு இன்னிக்கு ஆபீஸ். நீங்க மெக்கானிக்கல்தானே?" என்று காரையும் ஓர் எண்ணெய்ப் புட்டியையும் நீட்டினார்.

"இதெல்லாம் ஒரு வேலையா சார், குடுங்க" என்றேன். வாய்க்கொழுப்பு.

அல்சூரில் என் அறைக்குக் கொண்டுவந்து பிரித்தேன். சுண்டுவிரல் அளவு குழாய்கள். எண்ணெய் ஊற்றி, உள்ளே இருக்கும் தண்டை மெல்ல ஏற்றி இறக்கி, காற்றுக் குமிழியெல்லாம் மேலே வரும்வரை காத்திருந்து மூட வேண்டும். காத்திருப்பது என் ஜாதகத்திலேயே இல்லை. வேகமாக ஆட்ட ஆட்ட, சோடா மாதிரி நுரைத்தது. கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினேன். மறுபடி நுரை. அந்த ஆத்திரத்தில் முழங்கை பட்டு, புட்டி பாயில் கவிழ்ந்தது. அந்த எண்ணெய் பெங்களூரில் எங்கேயும் கிடைக்காது. கல்யாணம் பாயோடு போயிற்று என்று உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வந்தது.

அப்போதுதான் குளியலறையில் இருந்த தேங்காய் எண்ணெய் கண்ணில் பட்டது. டிசம்பர் மாதம். வெந்நீரில் வைத்து, என் கையாலேயே அதை உருக்கி ஊற்றினேன். (உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை.) ஒரு குமிழி இல்லை. தண்டு வழுக்கிக்கொண்டு போனது. நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் விடிந்ததும் ஆனேக்கல் பக்கம் ஒரு மைதானம். எல்லோரும் மங்கி குல்லாவில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். சுமதியும் வந்திருந்தாள். அண்ணன் நண்பர்களிடம் என்னைக் காட்டி, "நம்ம மாப்ள ரெடி பண்ண வண்டி" என்றார். முதல் தடவையாக 'மாப்ள'. எனக்குக் குளிரே தெரியவில்லை.

கார் கிளம்பியது. முதல் மேட்டில் ஏறி இறங்கியபோது கொஞ்சம்கூட அமுங்காமல், கட்டை போல எகிறித் தலைகீழாக விழுந்தது. நிமிர்த்தி வைத்தார்கள். மறுபடி விழுந்தது. கடைசியில் ஒரு சக்கரம் மட்டும் தனியாகக் கோட்டைத் தாண்டியது.

அண்ணன் ஒரு ஷாக்கைத் திறந்தார். உள்ளே மெழுகு போல வெள்ளையாக உறைந்து கிடந்தது. முகர்ந்து பார்த்தார்.

"சார், இது தேங்கா எண்ணெயா?"

'மாப்ள' போய் 'சார்' வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்ட் எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.

சுமதி சிரிப்பை அடக்க முடியாமல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இவர வெளிய விட்டா ஊருக்கு ஆபத்துண்ணா. நாமளே வெச்சுக்கலாம்" என்றாள்.

தலை தீபாவளி அன்று எனக்கு எண்ணெய் வைக்கும் நேரத்தில், கிண்ணத்தை மச்சான் தானே வாங்கிக்கொண்டார். காதருகே குனிந்து, "பயப்படாதீங்க மாப்ள. நல்லெண்ணெய்தான், உறையாது" என்றார்.

என் பிள்ளைகள் காலேஜ் முடித்துவிட்டார்கள். இன்னும் ஒவ்வொரு தீபாவளிக்கும் அதையேதான் சொல்கிறார். அந்தக் காரை மட்டும் இன்றுவரை என் கையில் கொடுத்ததில்லை.