சேர்ந்தால் மிச்சம்

பெரிய பெயின்ட் கம்பெனி சின்ன பெயின்ட் கம்பெனியை வாங்கினால் பங்குதாரர்களுக்கு ஆதாயமா என்று மதிப்பிடும் வேலை, பெரிய கம்பெனியில் இருந்த மாப்பிள்ளையின் தலையில் விழுந்தது. எப்படிக் கூட்டினாலும் நஷ்டம்தான் வந்தது. சின்னக் கம்பெனிக்காரர்கள் கேட்டது யானை விலை, குதிரை விலை.

இதில் குடும்பம் வேறு. அந்தச் சின்னக் கம்பெனியில் இதே வேலையைப் பார்ப்பவர் மனைவியின் அண்ணன். மாமனாரோ தன் ஓய்வுக்காலச் சேமிப்பை இரண்டு கம்பெனிப் பங்குகளிலும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

முதலாளி மனசுக்குள் ஏற்கெனவே வாங்கி முடித்துவிட்டார் என்று மேலாளர் பக்குவமாக எடுத்துச் சொன்னார். "நஷ்டம்னு எழுதாதீங்க. ஒண்ணாச் சேந்தா எவ்வளவு மிச்சமாகும்னு எழுதுங்க."

மாப்பிள்ளை மிச்சம் பிடிக்கக் கிளம்பினார். காகிதத்தில் இரண்டு கிடங்கில் ஒன்றை மூடினார். மூடுகிற செலவில் நஷ்டம் கூடியது. அதை ஈடுகட்ட விற்பனை ஆட்களைக் குறைத்தார், விற்பனையே படுத்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

கடைசியில் மதிப்பீட்டுப் பிரிவு கண்ணில் பட்டது. இரண்டு எதற்கு? அங்கே இருப்பதை எடுத்துவிடலாம் என்று எழுதியதும் கணக்கு மயிரிழையில் லாபத்துக்கு வந்தது. பிரிவு என்பது பேருக்குத்தான். இங்கே இவர் ஒருவர், அங்கே மச்சான் ஒருவர்.

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்கு வரும் மச்சானும் முன்போல் கலகலப்பாக இல்லை. விஷயம் தெரிந்துவிட்டதோ என்று மாப்பிள்ளை இன்னும் வெந்துபோனார்.

காலையில் ஒரு கம்பெனி, மாலையில் மற்றொன்று எனப் பங்குதாரர் கூட்டங்கள் நடந்த அன்று இரவு, சாப்பாட்டு மேசையில் அவரால் அடக்க முடியவில்லை.

"மன்னிச்சிடுங்க மச்சான். உங்க வேலைய வெட்டித்தான் என் கணக்க நேராக்கினேன்."

மச்சான் தட்டைத் தள்ளிவைத்தார். "எங்க கூட்டத்துக்கு அறிக்கை எழுதினது நான்தான் மாப்ளே. உங்க பிரிவு வேண்டாம்னு போட்டேன். அப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல."

இருவருக்கும் கண் கலங்கியது. கூடவே கொஞ்சம் நிம்மதி. இரண்டில் ஒரு அறிக்கையைத்தானே ஏற்பார்கள், ஒரு வேலையாவது மிஞ்சும், யாருக்கு மிஞ்சினாலும் மற்றவரைக் கைவிடக்கூடாது என்று பேசிக்கொண்டார்கள்.

அப்போது மாமனார் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தார்.

"நம்ம வீட்டுப் பிள்ளைங்க எழுதினதுன்னு ரெண்டு கூட்டத்துலயும் மொத ஆளா நான்தான் கை தூக்கினேன். ரெண்டு அறிக்கையும் அப்படியே நிறைவேறிடுச்சு."