ஆறு நிமிடம் நாற்பது செக்கன்

உலகத்தில் எத்தனையோ சனங்கள் எத்தனையோ வித்தைகளில் பேர் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் தலைக்கு மேலே நிற்கும் மலை இறங்கி வருவதற்கு முன்னால் வீட்டை விட்டு வெளியேறும் கலையில், ஊற்றடித் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கு மக்களை வெல்ல இதுவரை எவரும் பிறக்கவில்லை. இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. மும்மொழியிலும் எழுதி, இரண்டு முத்திரை குத்திய சான்றிதழ் கோயில் மடத்துச் சுவரில் தொங்குகிறது.

ஹாலிஎலயிலிருந்து மேலே ஏறும் பாதையில், பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கும் மேலே எங்கள் மூன்று லயங்கள், ஒட்டினாற்போல் கட்டிய அறை வரிசைகள். இருபத்திரண்டு குடும்பம். ஒன்பது வருடத்துக்கு முன்னர் ‘மலைச்சரிவுத் தயார்நிலைப் பிரிவு’ என்ற கந்தோரிலிருந்து ஐயாமார் வந்தார்கள். மண்ணைத் தோண்டினார்கள், படம் பிடித்தார்கள், இது சிவப்பு வலயம், இங்கே மனிதர் வசிக்கக் கூடாது என்று அறிவித்தார்கள். நாங்கள் அங்கே வசித்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வேறு இடத்தில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் வீடும் கிடைக்குமாம். ஆபத்து கூடியவர்களுக்கு முதலிடமாம். அதற்கென்று ஒரு ‘முன்னுரிமைப் பட்டியல்’ இருந்தது. அதில் எங்கள் இலக்கம் நான்கு. எந்தப் பரீட்சையிலும் எங்கள் லயத்துப் பிள்ளைகள் நான்காவதாக வந்ததில்லை. மலையில் மருந்தடிக்கும் முருகையா ஊருக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தான்.

கந்தோரின் அக்கறைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மேல் லயத்தில் சுபாஜினியின் அறை, காம்பரா என்போம். புருசன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. இவள் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கொழுந்தெடுக்கிறாள். அவள் காம்பராச் சுவரில் கூரையிலிருந்து தரை வரைக்கும் ஒரு வெடிப்பு. போன வருடம் ஐயாமார் அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினார்கள். கண்ணாடி உடைந்தால் மண் நகர்கிறது என்று பொருளாம். உடனே அறிவிக்க வேண்டுமாம். அடுத்த மாதமே உடைந்தது. அறிவித்தோம். மூன்றே நாளில் வந்து, உடைந்ததைக் கழற்றிவிட்டு, அதைவிடத் தடிப்பான கண்ணாடி ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார்கள். இவ்வளவு சுறுசுறுப்பான சேவை வேறெங்கே கிடைக்கும்?

பிறகு ஒரு நாள் ‘ஒத்திகை’ வந்தது. அதாவது, மலை இறங்கினால் எப்படி ஓடுவது என்று மலை இறங்காத நாளில் ஓடிக் காட்டுவது. இதை நடத்த வந்தவர் மதுசூதனன் சார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், எதையும் சுற்றறிக்கை பார்க்காமல் செய்யமாட்டார். முருகையாவைக் குழுத் தலைவராக்கி, ஒரு மஞ்சள் சட்டையும் கையில் பிடிக்கிற ஒலிபெருக்கியும் கொடுத்தார். அன்றிலிருந்து முருகையா பெண்சாதியிடம் தேத்தண்ணி கேட்பதும் அதில்தான். எனக்கும் ஒரு பதவி கிடைத்தது. ‘நடமாட இயலாத முதியவர்’ என்று எழுதிய அட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

சைரன் ஊதியது. அப்போது நடந்ததை எங்கள் சனங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. விடியற்காலையில் சங்கு ஊதினால், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் போய் வரிசையாய் நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நூற்றைம்பது வருடமாகக் காலில் ஏறிய பழக்கம் அது. சைரன் கேட்டதும் பொம்பளைகள் கூடையை மாட்டிக்கொண்டு ஓடினார்கள். ஆம்பளைகள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு ஓடினார்கள். ‘நடமாட இயலாத முதியவர்’ இரண்டாவதாகப் போய்ச் சேர்ந்தார். எல்லாரும் களத்தில் வரிசையாய் நின்று, பேர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தோம்.

மதுசூதனன் சார் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நிமிடம் நாற்பது செக்கன். மாகாணத்திலேயே முதலிடம். அவர் கண் கலங்கிவிட்டது. ‘சுய ஒழுக்கம் மிக்க சமூகம்’ என்று அந்த இடத்திலேயே எழுதினார். சான்றிதழோடு ஒரு கடிதமும் வந்தது. அதில் எங்கள் இலக்கம் நான்கிலிருந்து முப்பத்தொன்றுக்குப் போயிருந்தது.

முருகையா கந்தோருக்குப் போய்க் கேட்டான். நானும் துணைக்குப் போனேன்.

“அது பிழை இல்லை தலைவர்,” என்றார் மதுசூதனன் சார். “உங்கட ஆக்களின்ட தயார்நிலை மிக உயர்வு. தயார்நிலை கூடினா ஆபத்துப் புள்ளி குறையும். இவ்வளவு கெதியா ஓடுற ஆக்களை ஏன் இடம் மாத்துறது எண்டு மேலிடத்தில கேக்கினம்.”

“மலை அங்கனயேதான சார் இருக்கு?”

“மலைக்கு இந்தப் படிவத்தில நிரல் இல்லை.”

எவ்வளவு தெளிவான விளக்கம். நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

அன்று சாயந்தரம் கோயில் மடத்தில் கூட்டம். காணி வேண்டுமென்றால் அடுத்த ஒத்திகையில் நாம் மோசமாக ஓட வேண்டும் என்று முருகையா ஒலிபெருக்கியில் விளக்கினான். எவ்வளவு மோசமாக என்பதில்தான் தகராறு. அரை மணி நேரம் போதும் என்று ஒரு கட்சி. இரண்டு பேராவது ஓடாமலே இருக்க வேண்டும் என்று இன்னொரு கட்சி. சுபாஜினி பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, தன் வீட்டுக் கண்ணாடி மறுபடியும் உடைந்துவிட்டதாகவும், தான் ராத்திரியில் கதவுப் பக்கம் தலை வைத்துத்தான் படுப்பதாகவும் சொன்னாள். அதன் பிறகு தகராறு இல்லை. ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானமானது.

ஆனால் சொல்வது சுலபம். இரண்டாவது ஒத்திகையில் சைரன் ஊதியபோது என் கால் இரண்டும் தாமாகவே வாசலுக்குப் போய்விட்டன. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் காம்பராவில் புருசன் பெண்சாதியைக் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தான். ஒருத்தி அடுப்பு மூட்டித் தேத்தண்ணி ஊற்றினாள். முருகையா மஞ்சள் சட்டையோடு நடுப் பாதையில் நின்று, “யாரும் அவசரப்பட வேணாம். நல்லா மெதுவா தப்பிச்சு வாங்க,” என்று வழிநடத்தினான். ஐம்பத்திரண்டு நிமிடம் பிடித்தது. அதற்கு மேல் எங்களால் முடியவில்லை.

இந்த முறை கடிதம் ஒரு வாரத்திலேயே வந்தது. மேற்கணக்கு மக்கள் ‘தமது பாதுகாப்பில் அக்கறையற்றோர்’ என்றும், இப்படிப்பட்டவர்களிடம் புதிய வீடுகளை ஒப்படைப்பது உகந்ததல்ல என்றும், மூன்று நாள் விழிப்புணர்வுப் பயிற்சி முடியும்வரை பட்டியலிலிருந்து எங்கள் பேர் நிறுத்திவைக்கப்படுவதாகவும் எழுதியிருந்தது. கடிதத்தை வாசித்துக் காட்ட மதுசூதனன் சாரே வந்திருந்தார். சுபாஜினி பிள்ளையோடு முன்னால் வந்தாள்.

“வேகமா ஓடினா காணி இல்ல. மெதுவா ஓடினாலும் இல்ல. அப்ப எந்த வேகத்துல ஓடணும் சார்?”

அவர் பையைத் திறந்து சுற்றறிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றையும் விடவில்லை. கடைசியில், “அதுக்கு இன்னும் சுற்றறிக்கை வரேல்லை தங்கச்சி,” என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

பயிற்சி நடந்தது. முதல் நாள், மலை என்றால் என்ன என்று படம் போட்டு விளக்கினார்கள். ஐந்து தலைமுறையாக மலையிலேயே கிடக்கும் எங்களுக்கு அது மிகவும் பயன்பட்டது. இரண்டாம் நாள், மழை. மூன்றாம் நாள் குழுப் புகைப்படமும் கேக்கும்.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றாம் நாள், அந்திக் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு எல்லாரும் அப்போதுதான் லயத்துக்கு வந்திருந்தோம். சைரன் ஊதவில்லை, அது கந்தோரில் பூட்டுப் போட்டுப் பத்திரமாக இருந்தது. சுபாஜினிதான் ஊதினாள். சுவர் முனகுகிறது என்று அவள் போட்ட கூச்சலில் மூன்று லயமும் வெளியே வந்தது. யாரும் கூடையை மாட்டவில்லை. யாரும் நேரம் பார்க்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது மேல் லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும் ஒரு தகரமும் இருந்தன. முருகையா கீழே தோட்டப் பள்ளிக்கூட வாசலில் நின்று தலைகளை எண்ணினான். ஒலிபெருக்கி மண்ணுக்குள் போய்விட்டது. வெறும் வாயால் எண்ணினான். மூன்று தரம் எண்ணினான். பிள்ளைகளோடு சேர்த்து எண்பத்தேழு பேர். எல்லாரும் இருந்தோம்.

மறுநாள் மதுசூதனன் சார் சேற்றில் நடந்தே வந்து சேர்ந்தார். மேலிடத்தின் வாழ்த்தைச் சொன்னார். பயிற்சிக்குக் கிடைத்த மாபெரும் வெற்றி என்று அறிக்கை போய்விட்டதாம். பிறகு பள்ளிக்கூட வாங்கில் உட்கார்ந்து, கையில் கொண்டுவந்த கணினிப் பலகையைத் திறந்து, முருகையாவைக் கூப்பிட்டார். உயிரிழப்பு எத்தனை என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்ல சார்,” என்றான் முருகையா. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னான்.

மதுசூதனன் சாரின் முகம் வாடியது. பலகையை இரண்டு தரம் தட்டினார். அதை முருகையாவின் பக்கம் திருப்பிக் காட்டினார். உயிரிழப்பு என்ற கட்டத்தில் ஓர் எண் விழுந்தால் ‘உடனடி மீள்குடியேற்றம்’. அந்தக் கணக்கு முழுவதற்கும் ஆறு மாதத்தில் காணி. பூச்சியம் என்றால் ‘பகுதியளவு பாதிப்பு’. பாயும் தகரமும் தருவார்கள், மிச்சமிருக்கும் இரண்டு லயத்தில் எல்லாரும் நெருங்கி இருந்துகொள்ளலாம்.

“ஒண்டெண்டாலும் போட்டாத்தான் இது அடுத்த பக்கத்துக்குப் போகும்,” என்றார். “நான் என்ன செய்யிறது?”

சுபாஜினி தரையில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு லயத்துக்கும் மேலேயும் அதே மலைதான். இவ்வளவு செய்த கந்தோருக்கு நாமும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது. எழுந்து போனேன்.

“அப்ப எம் பேர எழுதிக்கிடுங்க சார். நல்லம்மா. வயசு எழுவத்திநாலு. ஐடென்டி கார்டு இடுப்புலதான் இருக்கு.”

“அக்கா, வெளையாடாதீங்க,” என்றான் முருகையா.

“வெளையாடலப்பா. எனக்கு இனி என்ன, ரெண்டு மூட்டும் வலி. ஒரு கட்டத்துல பேரு விழுந்தா இருவத்திரண்டு குடும்பம் எறங்கும்னா விழட்டுமே. நான் வெளிய தெரியாம மூலையில இருந்துக்கிறேன்.”

மதுசூதனன் சார் சிரிக்கவில்லை. என் அடையாள அட்டையை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்தார். இலக்கத்தில் பாதியைத் தட்டிக்கூட விட்டார். பிறகு விரலை எடுத்துக்கொண்டு, அட்டையை இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“அப்பிடி எழுதேலாது அம்மா. மரணச் சான்றிதழ் இணைக்கோணும்.”

சுபாஜினி பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“அதுக்குத்தான சார் ஒம்போது வருசமா எங்கள அங்கனயே வச்சிருந்தீங்க.”