மீசைக்கு விலக்கு இல்லை

இந்தக் காலத்தில் மனுஷன் மனுஷனை நம்புவதில்லை. முன்பெல்லாம் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "யாரு?" என்பார்கள். "நான்தான்" என்றால் போதும், திறந்துவிடுவார்கள். இப்போது ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முகத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. அது முறைத்துப் பார்த்துவிட்டு யோசிக்க வேறு செய்கிறது.

மாமனார் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். மனைவியோடு மகள் வீட்டில் இருக்கிறார். முடிவெட்டுகிறவர் மீசையில் ஒரு பக்கம் கூடுதலாக நறுக்கிவிட, அதற்குச் சமமாக மறுபக்கத்தை நறுக்க, கடைசியில் மொத்தத்தையும் வழித்துவிட்டு வந்திருந்தார்.

"உங்களை அடையாளம் தெரியவில்லை. நன்றி" என்றது கதவு.

"எதுக்கு நன்றி?" என்றார்.

மாப்பிள்ளை வந்து திறந்தார். "மாமா, மீசை எங்கே?"

"கடைத் தரையில கிடக்கு. இந்தப் பெட்டிக்கு என் புது மூஞ்சியைச் சொல்லிக் குடுங்க."

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "அதுலதான் ஒரு கோளாறு மாமா. ஒருத்தர் பேர்ல ரெண்டாவது முகம் ஏத்தினா எடுத்துக்க மாட்டேங்குது, பழசை அழிக்கவும் விட மாட்டேங்குது. ஒரே ஒரு வரியை மாத்தினா சரியாயிடும்."

"மாத்துங்க."

"முடியாது. ஃப்ரீஸ் நடக்குது."

அந்தக் கதவுக்கான புரோகிராமை ஊர் உலகத்தில் இருக்கிற பலபேர் சேர்ந்து காசு வாங்காமல் எழுதுகிறார்களாம். மாப்பிள்ளையும் அதில் ஒருவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுப் பதிப்பு வெளியாகிறது. அதுவரை யாரும் ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது. அதற்குப் பேர்தான் ஃப்ரீஸ். தொட்டே தீர வேண்டுமென்றால் விலக்கு கேட்க வேண்டும், இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும். வெள்ளியை விட்டால் அடுத்த பதிப்புக்கு அரை வருஷம்.

"நம்ம கதவை மட்டும் ரகசியமா மாத்தக் கூடாதா?"

"ஃப்ரீஸுக்குப் பொறுப்பே நான்தான் மாமா. நானே மீறினா நல்லாவா இருக்கும்?"

"காசு வாங்காம எவன் வேலை செய்வான்? உள்ள ஏதோ இருக்கு" என்றார் மாமனார்.

மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கண்ணுக்குத் தீட்டுகிற பென்சிலை எடுத்து அப்பாவுக்கு ஒரு மீசை வரைந்தாள். கதவு உடனே, "வாருங்கள் மாமா" என்று திறந்தது. எல்லாருக்கும் நிம்மதி.

மறுநாள் அவர் குளித்துவிட்டு வந்து பார்த்தால் கூடத்து சோபாவில் பார்சல் கொண்டுவருகிறவர் உட்கார்ந்திருந்தார். நல்ல முரட்டு மீசை.

"யாரு உங்களை உள்ள விட்டது?"

"கதவுதான் சார். 'வாருங்கள் மாமா'ன்னு கூப்பிட்டுச்சு. நமக்கு வேண்டியவங்க வீடு போலிருக்குன்னு உக்காந்துட்டேன்."

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்தது, உடனே மலர்ந்தது. "மாமா, கதவு உங்க முகத்தை விட்டுட்டு மீசையை மட்டும் பழகிடுச்சு. இது பெரிய பாதுகாப்புக் கோளாறு. இதைச் சொல்லி விலக்கு கேக்கலாம். ஒரு சம்மதம் என்னுது. இன்னொண்ணு கறார் தரணும்."

"அது யாரு?"

"தெரியாது. அங்க பேரே கறார்தான். யார் வேணும்னாலும் சேரலாம், முகமெல்லாம் கேக்க மாட்டோம். வேலை சுத்தமா இருந்தா பொறுப்பு குடுப்போம். கறார் கண்ணுல ஒரு தப்பு தப்பாது. எனக்கே உள்ளூர நடுக்கம்தான்."

"அந்த ஆளுக்கு மூஞ்சி வேண்டாம், எனக்கு மட்டும் வேணுமா?"

மனைவியிடம் முறையிடலாம் என்று உள் அறைக்குப் போனார். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு சீரியலில் மூழ்கியிருந்தாள்.

"உன் புருஷனை வீட்டுக்குள்ள விட மாட்டேங்கிறாங்க."

"அப்படியா" என்றாள், நிமிராமல்.

கறாரின் பதில் கொஞ்ச நேரத்தில் வந்தது. "மீசையை எடுத்தது உங்கள் தரப்பு மாற்றம். முன்கூட்டித் தெரிவிக்கவில்லை. விலக்கு இல்லை."

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. விதியை மீறிச் சொந்தக் கதவில் கை வைத்தார். மூக்குக்குக் கீழே பார்க்காதே என்று அதற்குச் சொல்லிவிட்டு, சோதித்துப் பார்க்க லேப்டாப்பும் கையுமாக மாமனாரை வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினார்.

"உங்கள் இருவரையும் அடையாளம் தெரியவில்லை. நன்றி."

மாப்பிள்ளை செய்ததைத் திருப்பப் பார்த்தார்; அடையாளம் தெரியாதவர் சொல்வதைப் பெட்டி கேட்கவில்லை. மகள் வேலைக்குப் போயிருந்தாள். அழைப்பு மணியும் அதே பெட்டிக்குள்தான் இருந்தது. கை வலிக்கத் தட்டியும் உள்ளே சீரியல் ஓடுகிற காதுக்குக் கேட்கவில்லை. இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள்.

"மாப்பிள்ளை, நான் சொல்றதை அந்தக் கறாருக்கு எழுதுங்க. ஐயா, நானும் மாப்பிள்ளையும் இப்ப படியில உக்காந்திருக்கோம். வயசான காலத்துல மகள் வீட்டு வாசல்ல அந்நியனா நிக்கிறது எவ்வளவு கேவலம் தெரியுமா? இன்னிக்கு விட்டா அரை வருஷம். ஒருத்தன் தன் வீட்டுக்குள்ள போறதுக்கு மீசையா சாட்சி சொல்லணும்? கொஞ்சம் மனசு வைங்க."

மாப்பிள்ளை ஒரு எழுத்து விடாமல் தட்டி அனுப்பினார். பதில் உடனே வந்தது. உரக்கப் படிக்க ஆரம்பித்தவருக்குப் பாதியில் குரல் இறங்கிவிட்டது.

"விலக்கு கிடையாது. படியில ஏன் உக்காந்திருக்கீங்க, ரெண்டு பேரும் கையைக் கழுவிட்டு சாப்பிட வாங்க... ஆறிப் போகுது."

கதவு உள்ளேயிருந்து திறந்தது. டேப்லெட்டும் கையுமாக மனைவி நின்றாள்.

"அத்தை... கறார் நீங்களா?" என்று மாப்பிள்ளை எழுந்தேவிட்டார்.

அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. புருஷனின் மேலுதட்டைத்தான் பார்த்தாள். "என்னைக் கட்டினப்பவே இருந்த மீசை. அதுல கை வைக்கணும்னா ரெண்டு பேர் சம்மதம் வேணும்னு தெரியாதா உங்களுக்கு?"

"சீரியல் பாக்கிறவளுக்கு இதெல்லாம் எங்க தெரியும்? நீங்க சொல்லிக் குடுத்துப் பேசுறா மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, திறந்த கதவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாமனார் ரோஷத்தோடு படியிறங்கித் தெருவுக்குப் போனார்.