வாத்தியாருக்கு நான் அடித்த முதல் மணி

மணி அடிக்க மூளை வேண்டாம் என்பார்கள். நம்பாதீர்கள். எனக்கு அது கொஞ்சம் குறைவு. அதனால் ஒரு மனிதர் உயிரோடு இருக்கும்போதே செத்துப்போனார்.

ஜூரோங் ரப்பர் தோட்டத்தை ஒட்டி எங்கள் பள்ளிக்கூடம். முன்காலத்தில் சீனர்கள் மிளகு மூட்டை அடுக்கிய கிட்டங்கி அது. பிறகு மாதாகோயில் ஆனது. வாரநாளில் அதற்குள்ளேயே பள்ளிக்கூடம். தரையைப் பெருக்கினால் இன்றும் தும்மல் வரும். (ஜெபத்தின் நடுவே தும்மினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.) ஒரே வாத்தியார், ஞானமுத்து. சதா இருமிக்கொண்டே இருப்பார். நான் மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறவன். நான் கும்பிடுவது மாரியம்மனை. மாதாகோயில் வழக்கம் ஒன்றும் தெரியாது.

ஒருநாள் டவுனிலிருந்து இன்ஸ்பெக்டர் துரை வருவதாகச் சேதி. பெஞ்சு காலியாக இருந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. தோட்டத்தில் கூலிகளை மேய்க்கும் கங்காணி பிள்ளைகளை ரப்பர் விதை பொறுக்க அனுப்பிவிட்டான். வாத்தியார் போய்க் கேட்டதற்கு, "படிச்சு கவர்னரா ஆகப் போறானுங்களா?" என்றானாம்.

மணி அடிக்கும் கோயில்பிள்ளைக்கு அன்று காய்ச்சல். வாத்தியார் என்னைப் பிடித்தார்.

"முத்தையா, வெயில் வாசப்படிக்கு வந்ததும் மணி அடி. பிள்ளைங்க காதுல விழுந்து, ஓடி வந்தாலும் வரும்."

"எப்படிங்க அடிக்கணும்?"

"கயித்தப் பிடிச்சு இழுய்யா!"

சொல்லிவிட்டுக் கோட்டு மாட்ட உள்ளே போனார்.

நான் யோசித்தேன். வருகிறவர் துரை. கடகடவென்று அடித்தால் மரியாதையா? ஒரு அடி அடித்தேன். நாதம் முழுக்க அடங்கும்வரை நின்றேன். பிறகு அடுத்தது. எனக்கே கண் கலங்கியது.

அப்படி அடித்தால் அது சாவுமணி. பிறகுதான் தெரிந்தது.

பிள்ளைகளை விடாத கங்காணி சாவுக்கு விட்டுவிட்டான். தோட்டமே வந்தது. கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தான். சீனக் கடை முதலாளி தவுக்கே பாதிக் கடையைச் சாத்திவிட்டு ஊதுபத்தியோடு வந்தார். ரப்பர் பால் வெட்டும் அந்தோணியம்மா தலைமுடியை அவிழ்த்துப் போட்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ வாத்தியாரே! நேத்துக்கூட நல்லா இருமினீங்களே!"

வாத்தியார் வெள்ளைக் கோட்டோடு வாசலில் வந்து நின்றார். அந்தோணியம்மா அப்படியே மயங்கி விழுந்தாள்.

அந்த நேரம் பார்த்து துரையின் குதிரைவண்டி வந்தது.

வாத்தியார் ஒரு பார்வை பார்த்தார். கூட்டத்தில் பிள்ளைகள் அத்தனையும் இருந்தன. வாரிக் கொண்டுபோய் பெஞ்சில் வைத்தார். வெளியே பின்வரிசையில் விஷயம் தெரியாமல் இன்னும் அழுகிறவர்களைக் காட்டி துரை ஏதோ கேட்டார். வாத்தியார் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை தொப்பியைக் கழற்றினார்.

"என்னங்க சொன்னீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"பெத்தவங்களுக்குப் படிப்புன்னா அவ்வளவு உருக்கம்னு சொன்னேன்." (அதற்கு ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்தாராம்.)

பள்ளிக்கூடம் பிழைத்தது. நான் பிழைப்பதுதான் கஷ்டமாகிவிட்டது. கங்காணி என் சட்டையைப் பிடித்தான்.

"சாவே இல்லாம அரை நாள் வேலை போச்சுடா. இப்ப யாராச்சும் ஒருத்தன் செத்தாகணும். நீயே சாவு!"

துரை போகிற வழியில் தோட்டத்து மானேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அதன்பின் கங்காணி பிள்ளைகளைத் தடுக்கவில்லை. துரை வரும் நாளெல்லாம் வாத்தியார் என்னைத்தான் கூப்பிடுவார். "முத்தையா, என்னைக் கொல்லு" என்பார். நான் மெதுவாக அடிப்பேன். பெரியவர்கள் அசையமாட்டார்கள். பிள்ளைகள் வந்துவிடும். என் வீட்டிலும் அது ஒட்டிக்கொண்டது. நான் எதையாவது ஆற அமரச் செய்தால் போதும், "இப்ப யாரைக் கொல்றீங்க?" என்பாள் என் மனைவி.

பல வருஷம் கழித்து வாத்தியார் நிஜமாகவே போனார். நான்தான் அடித்தேன். அதே மாதிரி, நாதம் அடங்க அடங்க.

தோட்டத்தில் ஒருவரும் வரவில்லை. "துரை வந்திருப்பாரு" என்று சொல்லிக்கொண்டு பால் வெட்டினார்களாம்.

பிள்ளைகள் மட்டும் தலை சீவிக்கொண்டு, சிலேட்டோடு ஓடி வந்து உட்கார்ந்தன. ஒரு பெஞ்சுகூடக் காலி இல்லை.