ஆன்டெனாவுக்கு ஏற்ற படகு

பயணிகள் படகில் இணைய வசதி இல்லாதது பெருங்குறை என்று நீர்வழிப் போக்குவரத்துத் துறை ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குக் கண்டுபிடித்தது. அதுவரை இருந்த குறைகள் கூரை ஒழுகுவதும் கழிவறைக் கதவு சாத்தாததும்தான். அவையெல்லாம் பழைய குறைகள். பழைய குறையைத் தீர்ப்பதில் யாருக்கு என்ன பெருமை?

துறையிடம் இருந்ததே ஒரே படகு. கரைக்கும் தீவுக்கும் நடுவே தினம் எட்டு நடை. இருபத்தெட்டு வருஷமாக அதை ஓட்டி வந்தவர் அதிகம் பேசாத மனுஷர். பேசினாலோ, இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரல், ரகசியம் சொன்னாலும் ஊருக்கே கேட்கும். ஒரே மகளைத் தீவில் கட்டிக் கொடுத்திருந்தார். அவளுக்கு ஒன்பதாம் மாதம். தீவில் ஆஸ்பத்திரி கிடையாது, கரையிலிருந்து நர்சம்மா படகேறிப் போனால்தான் உண்டு. ஆகவே படகு ஓடியே ஆக வேண்டும் என்பது அவர் அடிவயிற்றுக் கவலை.

ஆன்டெனாத் தேர்வுக்குழு அமைந்தது. ஏழு பேர். ஆறு பேருக்குப் படகேறினால் வாந்தி வரும், ஏழாமவர் ஏறியே பார்த்ததில்லை. எனவே சோதனை முழுவதும் தலைமை அலுவலக மொட்டை மாடியில் நடந்தது. மொட்டை மாடியிலும் காற்றடிக்கிறது, படகிலும் காற்றடிக்கிறது, ஆதலால் இரண்டும் ஒன்றே என்று குழு குறிப்பெழுதியது.

ஓட்டுநரின் மச்சான் செல்போன் கடைக்காரர். படகு இப்படியும் அப்படியும் திரும்புகிற வண்டி, அதற்கு நட்டுக்குத்தாக நிற்கிற குச்சி ஆன்டெனாதான் சரி, அது நாலா பக்கமிருந்தும் சிக்னலை வாங்கும் என்றார். ஓட்டுநர் அப்படி ஒரு குச்சியைக் கையோடு கொண்டுபோய் குழுத் தலைவரான அதிகாரியிடம் காட்டினார். அதிகாரி அதைப் பல் குத்தும் குச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எல்லாப் பக்கமும் பராக்குப் பார்க்கிற சாமானுக்குக் குறிக்கோள்னு ஒண்ணு இருக்குமாய்யா? நமக்கு வேண்டியது ஒரே நோக்கா நிக்கிற ஆன்டெனா."

குழு தேர்ந்தெடுத்தது கதவு அகலத்தில் ஒரு பலகை ஆன்டெனா. அதற்கு ஒரே நோக்குதான். மொட்டை மாடியில் கரையிலுள்ள செல்போன் கோபுரத்தைப் பார்க்க வைத்தபோது முழுப் படமும் தடங்கலில்லாமல் ஓடியது. அதைக் கொண்டுவந்து படகின் கூரையில், ஒழுகும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, கோபுரம் இருந்த திசைக்கு வைத்து வெல்டிங் அடித்தார்கள். திறப்பு விழா முழுக்கப் படகு கட்டியே கிடந்ததால் சிக்னல் அமோகம்.

மறுநாள் படகு தீவுக்குப் போய்த் திரும்பியது. படகோடு ஆன்டெனாவும் திரும்பிக்கொண்டது. சிக்னல் போயே போச்சு.

விசாரணை நடந்தது. ஆன்டெனா முறைப்படி தேர்வு செய்யப்பட்டது, படகு அப்படியல்ல, ஆகவே குற்றம் படகுடையது என்று முடிவாயிற்று. இனி எக்காரணம் கொண்டும் படகு திரும்பலாகாது என்று சுற்றறிக்கை வந்தது. அன்றிலிருந்து தீவுக்கு முன்பக்கமாகப் போய், கரைக்குப் பின்பக்கமாகவே வந்தார் ஓட்டுநர். கழுத்து பிடித்துக்கொண்டது. இருபத்தைந்து நிமிஷப் பயணம் ஒன்றே முக்கால் மணி ஆயிற்று. பின்பக்கமாக அலையேறி உள்ளே வந்ததும் பயணிகள் காலைத் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்தார்களே தவிர, ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

அதிலும் ஒரு குறை. நடுவழியில் பதினொரு நிமிஷம் கோபுரத்தின் வீச்சே எட்டாது. சிக்னல் நூற்றுக்கு நூறு கிடைத்தால்தான் துறைக்கு விருது. படகு நகர்ந்தால் தொண்ணூறு, நகராவிட்டால் நூறு என்று அதிகாரி கணக்குப் போட்டார். மறு உத்தரவு வரும்வரை படகு கரையில் கட்டப்பட்ட நிலையிலேயே இயங்கும் என்று உத்தரவாயிற்று.

ஓட்டுநர் ஓடினார். "ஐயா, என் பொண்ணு அந்தப் பக்கம் நிறைமாசமா இருக்கா."

"சந்தோஷம். தினம் வீடியோ கால்ல பாருங்க. அதான் சிக்னல் இருக்கே."

விருது வந்தது. இலவச இணையத்துக்காகப் படகில் காலை ஆறு மணிக்கே கூட்டம் இடம்பிடித்தது. எங்கேயும் போகாத படகுக்கு இருபத்தெட்டு வருஷத்தில் இல்லாத நெரிசல்.

படகைக் கட்டிப்போட்ட பத்தாம் நாள் காலை மருமகன் தண்ணீர்த் தொட்டி உச்சியில் ஏறி நின்று பேசினார், தீவில் அங்கே மட்டும்தான் போன் எடுக்கும். "மாமா, வலி எடுத்துடுச்சு. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."  ஓட்டுநர் தன் மனைவியையும் நர்சம்மாவையும் படகில் ஏற்றினார். மற்றவர்களை இறங்கச் சொன்னார். எழுந்தால் இடம் போய்விடும் என்று முப்பத்தாறு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வருவது வரட்டும் என்று கயிற்றை அவிழ்த்தார்.

நடுத்தண்ணீரில் சிக்னல் செத்தது. முப்பத்தாறு போனும் வானத்தைப் பார்த்து நீண்டன. "யோவ், படகு ஓடுதுய்யா!" என்று ஒருவர் அலறினார்.

சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். பேத்தியைக் கையில் வாங்கிய ஓட்டுநர் வெட்கம் பார்க்காமல் விக்கி விக்கி அழுதார்.

குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் விசாரணை. முப்பத்தாறு புகார்களையும் அதிகாரி மேஜைமேல் அடுக்கினார்.

"எதுக்காகப் படகை ஓட்டினீங்க?"

"படகுங்கய்யா அது."

"அது முன்னே. இப்ப அது இணைய மையம்."

வேலை போவது உறுதி என்று ஓட்டுநருக்குத் தெரிந்துவிட்டது. போகட்டும், படகு மறுபடி ஓடினால் போதும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதிகாரியின் போனில் தீவு மக்களின் மனு வந்து விழுந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. ஓட்டுநருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என்ன இருந்தாலும் உப்பிட்டவரை மறக்காத ஜனம், தனக்காகவும் படகுக்காகவும் சேர்ந்து நிற்கிறது என்று நினைத்தார். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"கரைவாசிகளுக்கு மட்டும் நகராத படகு வழங்கி, எங்கள் தீவை மாற்றாந்தாய் மனப்பான்மையுடன் நடத்துவதை வன்மையாகக் கண்டிக்கிறோம். எங்களுக்கும் அதேபோல் ஒன்று உடனடியாகக் கட்டித் தரப்பட வேண்டும்."

அதிகாரி முகம் மலர்ந்து போனை ஓட்டுநர் பக்கம் திருப்பினார். முதல் கையெழுத்து மகளுடையது. அதற்குக் கீழே, மையில் தோய்த்து ஒற்றிய ஒரு சின்னஞ்சிறு கட்டைவிரல் ரேகை. பேத்தியுடையது.