மூடியின் மேல் நெருப்பு

நல்லம்பள்ளி,
ஆடி 14

அன்புள்ள பானுமதி சித்திக்கு, பிரியங்கா வணக்கத்துடன் எழுதுவது.

ஆமாம், மூடியின் மேலும் நெருப்பு வைத்தேன். நீங்கள் சொன்னபடியேதான். ஜமைக்காவில் கிழங்குப் புட்டிங் அப்படித்தான் வேகும் என்றீர்கள். கீழே தணல், மேலே தணல். நடந்ததைப் போனில் சொல்ல முடியாது. இங்கே போன் எப்போதும் ஸ்பீக்கரில். அதனால் கடிதம்.

சேலத்து வேலையை விட்டு வந்த நாளிலிருந்து அம்மா என்னிடம் பேசவில்லை. எழுபத்திரண்டு நாள். எனக்குச் சொல்ல வேண்டியதைக் கன்றுக்குட்டியிடம் சொல்வாள். "தண்ணி காஞ்சிருச்சு. குளிக்கறவங்க குளிக்கலாம்." கன்றுக்குட்டி குளிக்காது. நான் குளிப்பேன். புட்டிங்கைப் பற்றி நீங்கள் சொன்னபோது மட்டும், "அதைத் தின்னு பாக்கணும்" என்றாள், உங்களிடம். அதைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா காட்டுக்குப் போயிருந்த நேரம் சர்க்கரைவள்ளியைத் துருவி, தேங்காய்ப்பாலும் வெல்லமும் சாதிக்காயும் சேர்த்து மண்சட்டியில் ஊற்றி, கொல்லையில் மூன்று கல் கூட்டி ஏற்றி, வெந்து வரும் நேரத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டுத் தங்கம்மாள் அத்தையின் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடலாம் என்றால் பிடிதுணி இல்லை, கைக்கு எட்டிய வேப்பங்கொத்தை ஒடித்துச் சட்டிக்கு அடியில் கொடுத்து, செருப்பில்லாமல், மஞ்சள் சுடிதாரில், தலை குளித்த ஈரத்தோடு, மூடியில் தணல் புகையப் புகையத் தெருவில் இறங்கினேன். ஆடி மாதம், சித்தி.

"பிரியங்கா தீச்சட்டி எடுத்துட்டா!" என்று தெருவில் யாரோ கத்தினார்கள்.

அத்தை ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை என் காலில் ஊற்றினாள். "தாயே, எம் மருமவளுக்கு எப்பக் கொழந்த?"

"அத்தை, சுடுது. வழி உடுங்க."

"சுடுதாம்! ஆத்தா வந்து எறங்கிட்டா!"

எங்கிருந்தோ பம்பை வந்தது. கொட்டகைப் பக்கம் திரும்ப விடவில்லை. மாரியம்மன் கோயிலுக்கே தள்ளிக்கொண்டு போனார்கள்.

கோயில் வாசலில், காட்டிலிருந்து திரும்பி வந்த அம்மா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"கை சுடுதாடி? இப்புடிக் கொடு."

என்னிடம்தான். முந்தானையால் சட்டியை வாங்கிக்கொண்டு, "எனக்காவவா நேந்துக்கிட்ட?" என்றாள். ஆமாம் என்றேன். பொய். இன்னும் உறுத்துகிறது.

பூசாரி மாரியப்பன் மூடியைத் திறந்தார். மேலே பொன்னிறம். "ஆத்தா இந்த வருசம் இனிப்புக் கேட்டிருக்கா" என்று எல்லோருக்கும் இலைத்துண்டில் வைத்துக் கொடுத்தார். அம்மா இரண்டு முறை வாங்கினாள். அன்று முதல் என்னோடு பேசுகிறாள். நிறையவே பேசுகிறாள். கன்றுக்குட்டிதான் பாவம்.

நன்றி, சித்தி. கிழங்குக்கும், நெருப்புக்கும். உண்மை நம் இருவரோடு இருக்கட்டும். அம்மாவுக்குத் தெரிந்தால் மறுபடியும் மௌனம்தான்.

சித்தப்பாவுக்கு என் அன்பு. உங்கள் தீவுப் பக்கம் வரும் புயலெல்லாம் வழி மாறிப் போகட்டும்.

இப்படிக்கு,
பிரியங்கா

பி.கு.: உறை வாங்கக் கடைக்குப் போய்விட்டு வந்தேன். அதற்குள் அம்மா இதைப் படித்து முடித்திருந்தாள்.

"வெரதம் இருக்கறவ காலையில ஏழு தோசை திங்கமாட்டா. நாந்தானே சுட்டுப் போட்டேன். எனக்கு அன்னிக்கே தெரியும்."

"அப்பறம் ஏம்மா பேசுன?"

"பேச எனக்கும் ஒரு சாக்கு வேணாமா?" என்றாள். பிறகு, "வெல்லம் பத்தல. அதையும் எழுது."

எழுதிவிட்டேன். பேனாவை மூடிவிட்டுக் கிழங்கு துருவ உட்காரப் போகிறேன்.